காற்று இருந்தது, ஆயில் இல்லை: ஒரு எம்35ஏ2 டிரக்கின் பிரேக் பழுது

பிரேக் பெடல் தரை வரை இறங்கியபோது நான் முதலில் பார்த்தது காற்றழுத்த மீட்டரைத்தான். முள் 100 பிஎஸ்ஐக்கு மேல் நின்றது. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்றது மூளை. காலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. அந்தக் குழப்பத்தில் இரண்டு விநாடி போயிருக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி என்றால் கிட்டத்தட்ட 17 மீட்டர்.

யாருக்கும் அடிபடவில்லை, வண்டிக்கும் பெரிய சேதமில்லை. அதனால் இதை ஒரு கதையாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பிரித்துப் பார்த்தபோது கிடைத்தவை சிரிக்கும்படி இல்லை. பழைய ராணுவ டிரக்குகளைச் சீராக்கி ஓட்டுகிறவர்களில் பலர் நான் செய்த அதே தவறைச் செய்துகொண்டிருக்கக்கூடும். ஆகவே நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வண்டி

எம்35 வரிசை 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரியோ நிறுவனத்திலிருந்து வந்தது. இரண்டரை டன் வகை. அந்தக் கணக்கு கரடுமுரடான தரைக்கு, நல்ல சாலையில் அதைப் போல இரண்டு மடங்கு ஏற்றலாம். என்னிடம் இருப்பது ஏ2: ஆறு சக்கர முனை, பின்னால் ஜோடி டயர்கள், ஆக மொத்தம் பத்து டயர். ஆறு முனைகளையும் எஞ்சின் இழுக்கும். சுமை ஏதும் இல்லாமலே ஏறக்குறைய 6 டன் எடை. இந்த எடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் எஞ்சின்தான் ஆட்களை மயக்குவது. எல்டிடி-465, 7.8 லிட்டர், டர்போ வைத்த மல்டிஃப்யூல் வகை. டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள், அவசரத்துக்குப் பெட்ரோல் கலவை என்று எதைக் கொடுத்தாலும் ஓடுவதற்காகச் செய்தது. ஜெர்மனியின் மான் நிறுவனத்தின் எரிப்பு முறைதான் அடிப்படை. பிஸ்டனின் தலையில் உருண்டைக் குழி ஒன்று இருக்கும். எரிபொருளில் பெரும்பங்கு அந்தக் குழியின் சுவரில் படலமாகப் படிந்து, ஆவியாகி, பிறகு எரியும். அழுத்த விகிதம் 22-க்கு 1. சில வண்டிகளின் டர்போ தூரத்திலிருந்தே விசில் அடிக்கும். அந்த விசிலுக்காகவே வண்டி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். சரி, நானும் அவர்களில் ஒருவன்தான்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வண்டியைச் சீராக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதில் எட்டு மாதம் எஞ்சினுக்கு, ஐந்து மாதம் துரு நீக்கிப் பெயின்ட் அடிக்க, மூன்று மாதம் 24 வோல்ட் வயரிங்குக்கு. பிரேக்குக்கு ஒதுக்கியது இரண்டே வார இறுதிகள். அந்த இரண்டிலும் நான் திறந்தது முன்சக்கரங்களை மட்டும்.

பிரேக் எப்படி வேலை செய்கிறது

ஏர் பிரேக் என்று பலர் இதைச் சொல்வார்கள். அது சரியல்ல. இதில் சக்கரத்தை நிறுத்துவது ஆயில்தான், காற்று அதற்கு உதவியாள். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஆயில் ஏர்பேக் (Air-Pak, காரின் காற்றுப்பை அல்ல) என்ற உருளைக்குப் போகும். அங்கே காற்றழுத்தம் ஒரு பெரிய பிஸ்டனைத் தள்ளி, ஆயிலின் அழுத்தத்தைப் பல மடங்காக்கும். அந்த அழுத்தம் ஒரே குழாய் வலைப்பின்னல் வழியாக ஆறு வீல் சிலிண்டர்களுக்கும் போய், டிரம்முக்குள் இருக்கும் ஷூக்களை விரிக்கும்.

காற்று தீர்ந்துபோனாலும் ஆயில் சக்கரங்களுக்குப் போய்ச் சேரும். பெடல் கல்லாக இறுகும், ஆனால் முழு பலத்தோடு மிதித்தால் வண்டி நிற்கும். ஆயில் போய்விட்டால் காற்றுக்குத் தள்ள ஒன்றுமில்லை. ஆறு முனைகளுக்கும் ஒரே சுற்று என்பதால் ஒரு முனையில் ஒழுகினால் ஆறும் போகும். அமெரிக்காவில் 1968 முதல் சாதாரண கார்களுக்கே இரட்டைச் சுற்று பிரேக் கட்டாயம். ராணுவத்துக்கென்று செய்த வண்டிகள் அந்த விதிக்குள் வரவில்லை.

இப்போது டேஷ்போர்டைப் பாருங்கள். காற்றுக்கு மீட்டர் இருக்கிறது. காற்று 60 பிஎஸ்ஐயை ஒட்டி இறங்கினால் காதைக் கிழிக்கும் பஸ்ஸர் இருக்கிறது. ஆயிலுக்கு மீட்டர் இல்லை, விளக்கு இல்லை, பஸ்ஸர் இல்லை. ஆயில் மட்டத்தைப் பார்க்க ஓட்டுநரின் காலடியில் இருக்கும் தகட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உதவியாளனுக்கு இரண்டு காவல், முதலாளிக்கு ஒன்றும் இல்லை. ராணுவத்தில் இது பெரிய குறையாக இருந்திருக்காது. அங்கே கையேட்டின்படி, கால அட்டவணைப்படி தகட்டைக் கழற்றிப் பார்க்கவே ஒரு ஆள் இருந்தான். வண்டி நம் கைக்கு வந்தது, அந்த ஆள் வரவில்லை.

நடந்தது

காலை நேரம், ஈரமில்லாத சாலை, வண்டியில் சுமை இல்லை. பக்கத்தில் மூத்த மெக்கானிக் ஒருவர், என் பட்டறை வேலைகளுக்குத் துணை நிற்பவர். புறப்படும் முன் நான் பார்த்தவை: எஞ்சின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், டயர், விளக்குகள், காற்று. பிரேக் ஆயிலைக் கடைசியாகப் பார்த்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

முதல் அரை மணி நேரம் பெடல் வழக்கம்போலவே இருந்தது. இப்போது யோசித்தால் கொஞ்சம் கீழே இறங்கித்தான் பிடித்தது. டிரம் பிரேக் என்றால் அப்படித்தான், ஷூவை அட்ஜஸ்ட் செய்தால் போதும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு இறக்கம் வந்தது, அதன் முடிவில் ஒரு வளைவு. நான்காவது கியர். வளைவுக்கு முன் வேகம் குறைக்க அழுத்தி மிதித்தேன். பெடல் பாதி வரை எதிர்த்தது, மெத்தென்று ஏதோ விட்டுக்கொடுத்தது, அப்புறம் தரை.

இரண்டு முறை பம்ப் செய்தேன். பயனில்லை. பக்கத்திலிருந்தவர் கத்தவில்லை. "தம்பி, மீட்டரை விடு, கியரை இறக்கு," என்று மட்டும் சொன்னார். மூன்றாவது, பிறகு இரண்டாவது. ஹேண்ட் பிரேக்கை விட்டு விட்டு இழுத்தேன். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை. பின்பக்கம் போகும் புரொபெல்லர் ஷாஃப்டின் மேல் தனி டிரம் ஒன்றில், கேபிள் வழியாக வேலை செய்கிறது. ஆயிலுக்கும் காற்றுக்கும் அதனோடு சம்பந்தமே இல்லை. நின்ற வண்டியைப் பிடித்து வைக்கத்தான் அது, ஓடுகிற 6 டன்னை நிறுத்த அல்ல. புகைந்தது, நாறியது, ஆனாலும் பிடித்தது. வளைவைத் தாண்டி ஓரத்து மண் மேட்டில் முன் பம்பர் முட்டி நின்றது வண்டி. பிறகு நடந்து அளந்தேன். பெடல் இறங்கிய இடத்திலிருந்து 140 மீட்டர் சுமார்.

ஹேண்ட் பிரேக்கை நான் முந்தின வாரம்தான் இறுக்கியிருந்தேன். முன்யோசனை ஒன்றும் இல்லை. அதன் கைப்பிடி உச்சியில் திருகும் குமிழ் ஒன்று இருக்கிறது, உட்கார்ந்த இடத்திலிருந்தே திருகலாம். சுலபமாக இருந்ததால் செய்தேன்.

பிரித்துப் பார்த்தது

வண்டியை வேறொரு டிரக்கால் இழுத்து வந்தோம். ஆயில் தொட்டி முக்கால் பங்கு காலி. வெளியே எந்தக் குழாயிலும் ஈரம் இல்லை, தரையில் சொட்டும் இல்லை. ஒழுகிய ஆயில் எங்கே போனது என்பதுதான் முதல் கேள்வி.

இடது பக்கக் கடைசிச் சக்கரத்தின் டிரம்முக்குள் இருந்தது பதில். இந்த வண்டியில் டிரம் ஹப்போடு சேர்ந்தே வரும். ஜோடி டயர்களைக் கழற்றி, அக்ஸில் ஷாஃப்டை உருவி, அகலமான பேரிங் நட்டை அதற்கென்றே உள்ள சாக்கெட்டால் அவிழ்த்து, ஹப்பையும் டிரம்மையும் ஒரே துண்டாக இழுக்க வேண்டும். இருவர் வேலை. மறுபடி போடும்போது பேரிங்கை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், ஆயில் சீல் மாற்ற வேண்டும். இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடப்புரி என்பதை மறந்து, நீளக் குழாயை மாட்டித் தொங்கி, ஸ்டட்டை முறித்தவர்கள் உண்டு. பின்சக்கரங்களை யாரும் ஏன் திறப்பதில்லை என்று இப்போது புரிந்திருக்கும். முன்சக்கரங்களைத் திறந்தேன், சுத்தமாக இருந்தன, மற்ற நான்கும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். தொலைத்தது இருட்டில், தேடியது விளக்கு வெளிச்சத்தில்.

டிரம்மைக் கழற்றும் போது ஒரு எச்சரிக்கை. ஷூக்களின் மேல் இருக்கும் பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. நனைத்துத் துடைத்து, துடைத்த துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

ஷூக்கள் ஊறிக் கிடந்தன. முதலில் அது அக்ஸிலிலிருந்து சீல் தாண்டி வந்த கியர் ஆயில் என்று நினைத்தோம். முகர்ந்தால் கந்தக வாடை இல்லை. விரலில் தேய்த்தால் வழுக்கியது, ஒட்டவில்லை. பிரேக் ஆயில்தான். வீல் சிலிண்டரைப் பிரித்தபோது உள்சுவரின் அடிப்பக்கத்தில் துருக்குழிகள், சில ஒரு மில்லிமீட்டர் ஆழம். ஆயில் வெளியேறாமல் அடைக்கும் ரப்பர் கப்பின் உதடு அந்தக் குழிகளில் தேய்ந்து தேய்ந்து, கடைசியாக நான் அழுத்தி மிதித்தபோது மடிந்து கிழிந்திருந்தது. பல மாதமாகக் கசிந்ததை டிரம் வாங்கி வைத்துக்கொண்டது. அதனால்தான் தரையில் சொட்டு இல்லை.

ஆறு புட்டிகள்

அடுத்த கேள்வி, துரு ஏன் அங்கே மட்டும். ஆறு முனைகளிலிருந்தும் பிளீடர் திருகு வழியாகச் சில மில்லி ஆயிலைத் தனித்தனிக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து, பெயர் எழுதி, ஒரு இரவு அசைக்காமல் வைத்தோம். இந்த ஆய்வில் நான் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான், அதுவும் என் யோசனை அல்ல.

அமெரிக்க ராணுவம் 1980-களின் தொடக்கத்தில் தன் வண்டிகளைச் சிலிக்கான் பிரேக் ஆயிலுக்கு, அதாவது டாட் 5-க்கு மாற்றியது (டாட் என்பது பிரேக் ஆயிலுக்கான அமெரிக்கத் தர வரிசை). நீண்ட நாள் நிறுத்தி வைக்கும் வண்டிகளுக்கு அது தோதானது, ஏனென்றால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சாது. பெயின்ட்டையும் அரிக்காது. நிறம் ஊதா, நாளடைவில் வெளுக்கும். டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகை, ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடும். சிலிக்கானும் கிளைக்காலும் ஒன்றோடொன்று கலக்காது. இதில் பெயர்க் குழப்பம் வேறு: டாட் 5.1 என்பது சிலிக்கான் அல்ல, கிளைக்கால். டாட் 5-இன் புதிய பதிப்பு என்று நினைத்து ஊற்றியவர்கள் இருக்கிறார்கள்.

காலையில் முன்சக்கரப் புட்டிகள் இரண்டிலும் வெளுத்த ஊதா, அடி வரை தெளிவு. நடு அக்ஸிலின் புட்டிகளில் அடியில் மெல்லிய பழுப்புக் கோடு. கடைசி அக்ஸிலில் வலது புட்டியில் விரல் நக அளவு பழுப்பு, இடதில் கிட்டத்தட்ட பாதி. அந்தப் பழுப்பை மட்டும் உறிஞ்சி எடுத்து வேறொரு புட்டியில் தண்ணீரோடு சேர்த்தோம். உடனே கரைந்தது. ஊதாவைத் தண்ணீரில் விட்டால் மேலே தனியாக மிதந்தது. கரைந்தது கிளைக்கால், மிதந்தது சிலிக்கான். யாரோ எப்போதோ டாட் 5 இருந்த வண்டியில் டாட் 3-ஐயோ 4-ஐயோ ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள்.

பிறகு நடந்ததைக் கோத்துவிட முடிகிறது. கிளைக்கால் சிலிக்கானை விடக் கனமானது, அடியில் இறங்கும். இறங்கிய இடத்தில் இருந்த ஈரத்தையெல்லாம் தன்னிடம் சேர்த்துக்கொள்ளும். என்னிடம் வரும் முன் இந்த வண்டி பதினோரு வருடம் ஒரே இடத்தில் நின்றது. முகப்பு மேட்டில், வால் பள்ளத்தில், இடப்பக்கம் சற்றுச் சாய்ந்து. நான் போய் எடுத்து வந்தபோது பிடித்த படத்திலேயே அந்தச் சாய்வு தெரிகிறது. குழாய் வலையில் ஆகத் தாழ்வான புள்ளி இடது பக்கக் கடைசி வீல் சிலிண்டர். வார்ப்பிரும்புச் சிலிண்டரின் அடியில் ஈரம் தேங்கிப் பதினோரு வருடம் தின்றிருக்கிறது. நான் சோதித்த முன்சக்கரங்கள் மேட்டில் இருந்தவை, மொத்த வண்டியிலும் நன்றாக இருக்க அதிக வாய்ப்புள்ள இரண்டு சிலிண்டர்கள்.

ஆயில் ஊற்றிய அந்த முகம் தெரியாத மனிதர் மேல் முதலில் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இரண்டு வருடம் வண்டி என் கையில் இருந்தது. புட்டியில் கொஞ்சம் பிடித்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும், சக்கரம் கழற்றக்கூடத் தேவையில்லை. தொட்டியில் ஊதா தெரிந்தது, ஆகவே எல்லாம் ஊதா என்று எடுத்துக்கொண்டேன். தொட்டியில் மேலே மிதப்பது எப்போதுமே சிலிக்கான்தான்.

சரிசெய்தது

கலப்படம் ஏறிய பிரேக்கைப் புது ஆயில் ஊற்றிக் கழுவிவிட்டால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குழாயின் தாழ்வான வளைவுகளில் கிளைக்கால் தங்கும், பழைய ரப்பரில் ஊறியது திரும்பக் கசியும். ஆறு வீல் சிலிண்டர்களும் புதிது. குழி விழுந்த சிலிண்டரைத் தேய்த்து மெருகேற்றலாம் என்றாலும், தேய்க்கத் தேய்க்க உள்விட்டம் கூடி, கப் பிடிக்காமல் போகும். ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் புதிது. பழைய ஹோஸ் ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். வெளியே நல்ல பிள்ளை, உள்ளே ரப்பர் ஊதி, துவாரம் பென்சில் ஈயம் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. இரும்புக் குழாய்களில் பின்பாதியை மாற்றினேன், முன்பாதியை ஸ்பிரிட்டால் கழுவி உலர்ந்த காற்றால் ஊதினேன். ஊறிய ஷூக்களுக்குப் புது லைனிங். அவற்றைக் கழுவி வெயிலில் காயவைத்து மறுபடி போடுவது நடக்கிற காரியம் அல்ல.

ஆயில் மறுபடியும் டாட் 5. வருடத்தில் பெரும்பகுதி நிற்கும் வண்டி இது. ஊற்றும்போது குலுக்கக் கூடாது, மெதுவாக, புட்டியைச் சாய்த்து ஊற்ற வேண்டும். சிலிக்கானில் நுண்குமிழிகள் மாட்டிக்கொண்டால் வெளியேற நேரம் பிடிக்கும். முதலில் ஏர்பேக்கில் ஏர் எடுத்து, அதாவது ஆயிலில் மாட்டிய காற்றை வெளியேற்றி, பிறகு சக்கரங்கள். முதல் நாள் பெடல் பஞ்சு போல இருந்தது. ஒரு இரவு விட்டு மறுபடி எடுத்ததும் இறுகியது.

நண்பர்களோடு சண்டை வந்த இடம் இரட்டைச் சுற்று. முன் அக்ஸிலுக்கு ஒன்று, பின் இரண்டு அக்ஸில்களுக்கு ஒன்று என்று பிரித்து, இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் இரண்டாவது ஏர்பேக்கும் வைப்பது. ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் பிடிக்கும். இது அசல் அல்ல என்பது எதிர்வாதம். தொழிற்சாலையை விட்டு வண்டி எப்படி வெளிவந்ததோ அப்படியே வைத்திருப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பொருள் என்கிறார்கள். ஒரு காலத்தில் நானும் அதைத்தான் சொன்னேன், பெயின்ட் எண்ணுக்காக ஒரு மாதம் சண்டை போட்டவன் நான். காட்சிக்கு நிற்கும் வண்டிக்கு அந்த வாதம் பொருந்தும். மற்றவர்களின் குழந்தைகள் நடக்கும் சாலையில் 6 டன்னை ஓட்டுகிறவனுக்குப் பொருந்தாது. புதிதாக எந்தத் துளையும் போடாமல், இருந்த போல்ட்டு இடங்களிலேயே தாங்கிகளைப் பொருத்தி இரட்டைச் சுற்று வைத்தேன். கழற்றிய மாஸ்டர் சிலிண்டருக்குப் பாதுகாப்பு எண்ணெய் தடவி, சீட்டு ஒட்டி, பெட்டியில் வைத்திருக்கிறேன். யாராவது ஒருநாள் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க நினைத்தால் அரை நாளில் பழையபடி மாட்டலாம்.

இரண்டாவதாக, காலடித் தகட்டின் நான்கு திருகுகளை எடுத்துவிட்டு, கையால் திருப்பும் இரண்டு பூட்டுகள் வைத்தேன். இரட்டைச் சுற்றை விட இதுதான் பெரிய மாற்றம் என்று படுகிறது. ஆயில் பார்க்க முன்பு பத்து நிமிடமும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் வேண்டும், இப்போது அரை நிமிடம். ஒவ்வொரு முறையும் எஞ்சினைத் தட்டும் முன் பார்க்கிறேன். தொட்டிக்குள் ஒரு மிதவை வைத்துச் சிவப்பு விளக்கு எரிய வைக்கும் வேலை பாதியில் நிற்கிறது. 24 வோல்ட்டுக்குத் தோதான மிதவை சுவிட்ச் அந்தக் கழுத்தில் நுழைய மறுக்கிறது.

பெடல் இறங்கி ஒரு வருடம் ஆனபோது ஆறு புட்டிகளையும் மறுபடி நிரப்பி ஒரு இரவு வைத்தோம். ஐந்தில் அடி வரை ஊதா. இடது பக்கக் கடைசிப் புட்டியின் அடியில் மட்டும் கடுகளவு ஒரு துளி, நிறமில்லாமல். ஏர்பேக்குக்குள் எங்கேயோ மிச்சமிருந்த தண்ணீராக இருக்கலாம் என்கிறார் மெக்கானிக். அந்தச் சக்கரத்தை அடுத்த மாதம் கழற்றுகிறோம்.